காரைக்குடியிலிருந்து கோச்சில் ஊட்டி, கூடவே மலை ரயில்: வயதான பெற்றோரைக் குழுவோடு அனுப்பலாமா?

கேள்வியை முதலில் சரியாக வைத்துக்கொள்வோம். நீங்கள் சிங்கப்பூரில் இருக்கிறீர்கள். உங்கள் பெற்றோர், அப்பச்சியும் ஆத்தாளும், தேவகோட்டையில் தனியாக இருக்கிறார்கள். காரைக்குடியில் ஒரு சுற்றுலா நிறுவனம் மூன்று நாள், இரண்டு இரவு ஊட்டிப் பயணம் அறிவித்திருக்கிறது. நாற்பது பேர், ஏசி கோச், வழிகாட்டி, மூன்று வேளைச் சாப்பாடு, கடைசி வரியில் ‘மலை ரயில் பயணம் உண்டு’. அப்பச்சிக்கு 74 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆத்தாளுக்கு 69, முட்டிவலி. மலை ரயில் இவர்களுக்குச் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டாம் தடவை படித்தபோது, உங்கள் உண்மையான கவலை வேறு என்று பட்டது: நாம் கூட இல்லாத இடத்தில், நோட்டீஸில் உள்ள ஒரு வரியை நம்பி அவர்களை ஏற்றிவிடலாமா? இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். காரைக்குடியிலிருந்து குழுக்களைக் கூட்டிக்கொண்டு பல வருஷம் மலைக்குப் போய்வந்தவன் நான். இப்போது அந்தத் தொழிலில் இல்லை, ஆகவே யாருக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கும் தேவையும் இல்லை.

அனுப்பலாம் என்பதே என் பதில். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்திடம் ஒன்றைத் தெளிவாக வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை ரயில், ஏறுமுகமா இறங்குமுகமா, டிக்கெட் யார் பெயரில் இருக்கிறது. இதற்கு நேரான பதில் வந்தால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியது. ‘அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்’ என்றால் அந்த மலை ரயில் வரியை அடித்துவிட்டுப் படியுங்கள், மிச்சம் இருப்பது ஒரு சாதாரண பஸ் டூர்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரே ரயில் பாதையில் மூன்று வேறு பயணங்களை விற்கிறார்கள். முழுப் பயணம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை, 46 கிலோமீட்டர். காலை 7.10-க்குக் கிளம்பி நண்பகலையொட்டிப் போய்ச் சேரும், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இரண்டாவது, குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் மட்டும். அது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, டீசல் எஞ்சின் இழுக்கும். நாளுக்குச் சில தடவை ஓடுகிறது, டிக்கெட்டும் ஓரளவு சுலபமாகக் கிடைக்கும். மூன்றாவது, ஊட்டியிலிருந்து கேத்திவரை போய்த் திரும்பும் உல்லாச ரயில். கூட்டம் அதிகமான நாட்களில் விடுவார்கள். மூன்றிலும் நீல நிறப் பெட்டி, மரம், மலை எல்லாம் உண்டு, போட்டோ எடுத்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் இந்த ரயிலை உலகம் வந்து பார்க்கிறது என்றால் அது கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கும் ஏற்றத்துக்காகத்தான். அந்த ஏற்றம் பின்னால் சொன்ன இரண்டு பயணங்களிலும் கிடையாது.

அந்த ஏற்றத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பெற்றோர் எதைப் பார்க்கப் போகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், பாதையின் உச்சி 2,203 மீட்டர். கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டரை மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுகிற அளவுக்குச் சரிவு. வெறும் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அங்கே வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டை இரண்டு வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, ஏணிப்படியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறுகிற மாதிரி ஏறுகிறது. இரண்டு பட்டைகளின் பற்களும் ஒன்றுக்கொன்று நேராக இருக்காது, மாற்றி மாற்றி இருக்கும். ஒன்றில் பிடி விடும்போது இன்னொன்றில் பிடி இருந்துகொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது. நம் ஆட்கள் எல்லோருக்கும் பழநி விஞ்ச் தெரியும். அதை மேலேயிருந்து கம்பிவடம் இழுக்கிறது. இங்கே வடம் எதுவும் இல்லை, எஞ்சின் தன் பிடியிலேயே ஏறுகிறது. அதுவும் முன்னால் நின்று இழுக்காது, பெட்டிகளுக்குப் பின்னால் கீழ்ப்பக்கம் நின்றுகொண்டு மேலே தள்ளும். பெட்டி ஏதாவது கழன்றால்கூட எஞ்சின்மேல்தான் வந்து நிற்கும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஒரு ஊழியர் கொடியோடு நிற்பார். கல்லாறு தாண்டிப் பல்லில் ஏறும்போது வேகம் ஆள் மெதுவாக ஓடுகிற அளவுக்கு வந்துவிடும். ஒரு குலுக்கல், அப்புறம் காலுக்கடியில் கறகறவென்று ஒரு சத்தம் ஆரம்பித்துக் குன்னூர்வரை கூடவே வரும். முதல் தடவை கேட்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும். ஆத்தாளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அந்தச் சத்தம் பல் பிடிக்கிற சத்தம், சத்தம் வருகிறவரை நல்லது என்று.

இந்தியாவில் பற்சக்கரத்தில் ஓடுகிற ரயில் இது ஒன்றுதான். டார்ஜிலிங், சிம்லா ரயில்களும் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை, நீலகிரிக்கு 2005-இல் அந்த இடம் கிடைத்தது. ஆனால் அவை இரண்டும் வளைந்து வளைந்து ஏறுகிறவை, பல் கிடையாது. 1854-இல் யோசனை எழுந்து, 1891-இல் வேலை தொடங்கி, 1899-இல் குன்னூர்வரை ரயில் ஓடி, 1908-இல் ஊட்டியைத் தொட்டது. 16 குகைகள், 208 வளைவுகள், 250 பாலங்கள். கல்லாறு–குன்னூர் பகுதியில் இன்றும் நீராவி எஞ்சின். அவற்றில் சில நம் திருச்சி பொன்மலைப் பணிமனையில் கட்டியவை. வழிகாட்டி இதையெல்லாம் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்பச்சிக்கு இப்படிப்பட்ட விவரத்தில் ஆர்வம் இருந்தால் நீங்களே போனில் சொல்லிவிடுங்கள், பயணம் அவருக்கு வேறு மாதிரி இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கண்டனூரிலிருந்து ஒரு நிறுவனத்தோடு போனது. நோட்டீஸில் மலை ரயில் என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஊட்டி போனதும் கேத்திவரை ஒரு நடை ஏற்றி இறக்கிக் கூட்டிவந்துவிட்டார்கள். ஏமாற்றினார்கள் என்று சட்டப்படி சொல்ல முடியாது, மலை ரயிலில் ஏற்றினார்கள்தானே. அந்த ஆச்சி திரும்பி வந்து ‘நீராவி எஞ்சினைக் கண்ணாலேயே பார்க்கலையே அப்பு’ என்று என்னிடம் சொன்னதில் உள்ள ஏக்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த வயதில் இரண்டாம் தடவை என்று ஒன்று நிச்சயமில்லை. அதனால்தான் ஊர்ப் பெயரோடு கேளுங்கள் என்கிறேன்.

இனி அவர்கள் உடம்புக்குச் சரிப்படுமா என்ற விஷயம். ரயில் பெட்டிக்குள் கழிவறை கிடையாது. இதைத்தான் பலர் அங்கே போய்த் தெரிந்துகொள்கிறார்கள். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும், குன்னூரில் எஞ்சின் மாற்ற நிற்கும், அங்கே இறங்கிப் போய்வரலாம். ஆனால் நாற்பது வயதானவர்கள் ஒரே நேரத்தில் இறங்கினால் வரிசை எவ்வளவு நீளும் என்று யோசித்துப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் சில, நீரை அதிகமாகப் பிரிய வைப்பவை, பெரும்பாலும் காலையில்தான் கொடுப்பார்கள். அப்பச்சி சாப்பிடுவது அந்த வகையா, ரயில் நாளில் மட்டும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தவோ தள்ளவோ கூடாது. ஆனால் கேட்கவேண்டும். தண்ணீர் குடித்தால் அவஸ்தை என்று பயந்து நாள் முழுக்க வாய் நனைக்காமல் உட்கார்ந்திருந்து, சாயங்காலம் தலை சுற்றிப்போன பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முட்டிவலிக்கு இரண்டு இடத்தில் சிரமம். ஒன்று, பெட்டியில் ஏறும் படி உயரம். பிளாட்பாரம் தாழ்ந்திருக்கும் இடங்களில் பின்னால் ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, எதிரும் புதிருமாக இருக்கும் பெஞ்சு. எதிரில் உட்கார்ந்தவர் முட்டி நம் முட்டியில் இடிக்கும், காலை நீட்ட இடம் இருக்காது. ஐந்து மணி நேரம் அப்படியே இருப்பது ஆத்தாளுக்கு நல்லதில்லை என்பது என் கருத்து. முதல் வகுப்பு கொஞ்சம் தேவலை, ஆனால் இருக்கைகள் மிகக் குறைவு, குழுவாகக் கிடைப்பது அபூர்வம்.

ஆகவே நான் வயதானவர்கள் குழுவுக்கு எப்போதும் சொல்லிவந்தது இதுதான்: மலைக்கு மேலே கோச்சில் போங்கள், கீழே ரயிலில் வாருங்கள், அதையும் குன்னூரிலிருந்து வாருங்கள். ஊட்டியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பும் ரயில் மூன்றேகால் வாக்கில் குன்னூர் வந்து, ஐந்தரை மணியையொட்டி மேட்டுப்பாளையம் சேரும். குன்னூரில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பல் தண்டவாளம் முழுவதும், பெரிய பாலங்கள், குகைகள், ரன்னிமேடு, ஹில்குரோவ், அடர்லி, கல்லாறு எல்லாம் அதில் வந்துவிடும். நீராவி எஞ்சினும் உண்டு, இறங்கும்போது அது முன்னால் நின்று மொத்த ரயிலையும் தாங்கிக்கொண்டு போகும். காலையில் நாலரை மணிக்கு எழுப்பிக் குளிரில் ஸ்டேஷனுக்குக் கிளப்ப வேண்டியதும் இல்லை. மத்தியானம் குன்னூரில் சாப்பிட்டு, சிம்ஸ் பூங்காவில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நிதானமாக ஏறலாம். எஞ்சின் மூச்சு வாங்கி மலையேறுவதைப் பார்க்க வேண்டும் என்கிற ரயில் பிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான், ஏறுமுகத்துக்கு உள்ள கம்பீரம் இறங்குமுகத்துக்கு இல்லை. ஆனால் 69 வயது முட்டிக்கு நான் இறங்குமுகத்தையே சொல்வேன். உங்கள் நிறுவனம் முழுப் பயணமும் ஏறுமுகமாகத்தான் டிக்கெட் போட்டிருந்தால், ஆத்தாளைக் குன்னூரில் இறக்கிக் கோச்சில் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கோச் எப்படியும் அந்த வழியாகத்தான் ஊட்டி போகும்.

கோச்சும் ரயிலும் சேர்ந்த பயணத்தில் உள்ள பெரிய வசதியே அதுதான். குழு ரயிலில் இருக்கும்போது கோச் சாலை வழியாக மூட்டை முடிச்சோடு அடுத்த ஸ்டேஷனில் போய் நிற்கிறது. பெட்டி தூக்க வேண்டாம், முடியாதவர்கள் கோச்சிலேயே வரலாம். இதை ஒழுங்காகச் செய்ய நிறுவனத்துக்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் ரயிலில், ஒருவர் கோச்சில். ஒரே வழிகாட்டி என்றால் ஏதாவது ஒரு பக்கம் ஆள் இல்லாமல் போகும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போக நடுவில் வழி கிடையாது, பழைய பெட்டிகளில் உள்ளேயும் தனித்தனி அறைதான். ஆன்லைனில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்குமேல் போட முடியாது. நாற்பது பேர் என்றால் ஏழு டிக்கெட்டாகச் சிதறும், வழிகாட்டி ஒரு பெட்டியில் உட்கார்ந்தால் மற்றப் பெட்டிகளில் என்ன நடக்கிறது என்று அடுத்த ஸ்டேஷன்வரை தெரியாது. அதனால் உங்கள் பெற்றோர் இருவரும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறார்களா, அதே டிக்கெட்டில் கொஞ்சம் வயது குறைந்த, துணிச்சலான ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். நம் பக்கத்துக் குழுக்களில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார், கேட்டால் சந்தோஷமாகப் பார்த்துக்கொள்வார்.

டிக்கெட் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது: முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாளாக இருந்தது. மேட்டுப்பாளையம்–ஊட்டி முழுப் பயண இருக்கைகள் வார இறுதிக்கும் கோடை விடுமுறைக்கும் திறந்த உடனேயே தீர்ந்துவிடும். ஆகவே இரண்டு மாதத்துக்குமேல் தள்ளி இருக்கும் பயணத்துக்கு ‘ரயில் டிக்கெட் எடுத்தாச்சு’ என்று ஒருவர் சொன்னால் அது நடக்காத காரியம். 60 நாளுக்குள் வந்த பிறகு எடுத்தாச்சு என்றால் பிஎன்ஆர் எண்ணைக் கேளுங்கள், சிங்கப்பூரிலிருந்தே நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். காத்திருப்புப் பட்டியலில் இருந்தால், பட்டியல் தயாராகும்போது இடம் வராத ஆன்லைன் டிக்கெட் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதைக் காட்டித் தொகையில் குறைத்திருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மழையால் ரயில் ரத்தானால் ரயில்வே முழுப் பணத்தையும் திருப்பித் தரும், ஆனால் டிக்கெட் எடுத்தவர் கணக்குக்குத்தான் போகும். அதாவது நிறுவனத்துக்கு. அது உங்கள் பெற்றோருக்கு வந்து சேருமா என்பதை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸப்பில் ஒரு வரி போதும்.

சாலைப் பயணத்தைப் பற்றி. திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக மேட்டுப்பாளையம் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் வரும். சாப்பாடு, டீ, கழிவறை நிறுத்தங்களோடு எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள், இரண்டு இரவு என்று நோட்டீஸில் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் போகும்போதோ வரும்போதோ ராத்திரி முழுக்கக் கோச்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்குக் காரைக்குடியில் ஏறி, விடிகாலை மேட்டுப்பாளையத்தில் எங்கோ ஒரு மண்டபத்தில் முகம் கழுவி, 7.10 ரயிலில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, மத்தியானம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் ஏற்றம் ஏறு என்றால் இளைஞர்களே சோர்ந்துபோவார்கள். ஓட்டுநரும் தூங்க வேண்டும். ராத்திரி முழுக்க ஓட்டியவர் அதே காலையில் மலைச் சாலையில் ஏறக் கூடாது. மாற்று ஓட்டுநர் இருக்கிறாரா என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

என்னைக் கேட்டால் இன்னொரு இரவுக்குப் பணம் கொடுப்பது நல்லது. காலையில் கிளம்பி, வழியில் பழநி. நம் ஊர்க்காரர்கள் ஒட்டன்சத்திரம்வரை போய்விட்டு முருகனைப் பார்க்காமல் திரும்பினால் மனசு ஆறாது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து நடந்தே போன ஊரல்லவா. விஞ்சில் ஏறி, தரிசனம் முடித்து, கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ படுத்து எழுந்து, மறுநாள் காலை நிதானமாகக் கோச்சில் மலையேறலாம். அன்று இரவு ஊட்டி. அடுத்த நாள் பிற்பகல் குன்னூரிலிருந்து ரயிலில் இறங்கி, அன்றிரவும் கீழேயே தங்கி, நான்காம் நாள் ஊர். நாற்பது பேரில் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் நிறுவனங்கள் பெரும்பாலும் இசைந்து வரும். யாரும் கேட்பதில்லை, அதனால் அவர்களும் சொல்வதில்லை.

மலைக்கு மேலே போகும் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். ரயிலில் போகிறவர்களுக்கும் அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கும் இந்தப் பாஸ் தேவையில்லை, உங்கள் கோச்சுக்குத் தேவை. கூட்டம் அதிகமான நாட்களில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கு என்று போலீஸ் ஒருவழிப் பாதையாக்கிவிடுவதும் உண்டு. வெளியூர்ப் பெரிய வண்டிகளை நகரத்துக்கு வெளியே நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து சுற்றுப் பேருந்தில் போகச் சொல்வதும் உண்டு. அப்படி ஆனால் ஆத்தாளுக்கு ஏறி இறங்குவது இரட்டிப்பு ஆகும். கோடையில் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் கொடுத்தனுப்புங்கள். வாந்தி வருகிறவர் என்றால் முன்வரிசை இருக்கையை இப்போதே சொல்லி வையுங்கள், கோச்சின் பின்வரிசை கொண்டை ஊசி வளைவுகளில் நன்றாகத் தூக்கிப்போடும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், நம் பக்கத்து டூர்களில் சமையல்காரர் கூடவே வருவார், இட்லியும் சாம்பாரும் ஊட்டியிலும் கிடைத்துவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுப்பும் சிலிண்டரும் ரயில் பக்கமே போகக் கூடாது. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் சட்டவிரோதமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள், அவர்களும் யாத்திரை வந்த சாதாரண மனிதர்கள். ரயிலுக்குக் கட்டுச்சோறு போதும். புளிச்சோறும் சீப்புச் சீடையும் இரண்டு மணி நேரத்தைத் தள்ளிவிடும். டப்பாவை மூடியே வைத்திருக்கச் சொல்லுங்கள், ஹில்குரோவில் குரங்குகள் ஜன்னலுக்குள் கை விடும்.

எந்த மாதம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதிப் பயணம் அதில்தான் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் பகுதியில் மண் சரிந்தும் மரம் விழுந்தும் ரயில் நிற்பது அடிக்கடி நடப்பது. ஒரு நாளும் நிற்கலாம், வாரக்கணக்கிலும் நிற்கலாம், யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் உறைபனிக் காலம், செட்டிநாட்டு வெயிலில் இருந்த உடம்புக்கு அந்த ராத்திரிகள் கஷ்டம். ஏப்ரல், மே கூட்டம். ஜூன், ஜூலையில் மேலே சாரலும் மூடுபனியும். பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் பாதிவரை நான் முதலில் சொல்வேன். பரீட்சைக் காலம், குடும்பங்கள் கிளம்பாது, டிக்கெட்டும் கிடைக்கும், வானமும் தெளிவாக இருக்கும். மழை விஷயத்தில் இது அனுபவக் கணக்குதான், வாக்குறுதி இல்லை.

உயரத்தைப் பற்றி: 2,200 மீட்டர் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. கொஞ்சம் வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஆனால் இதய நோயோ நுரையீரல் தொந்தரவோ இருந்தவர்களுக்கு என்ன ஆகும் என்பதை நான் சொல்லக் கூடாது. அது அவரவர் டாக்டர் பரிசோதித்துச் சொல்ல வேண்டியது. அப்பச்சிக்கு ரத்த அழுத்தம் மட்டும்தானா, கட்டுக்குள் இருக்கிறதா என்று ஒரு தடவை காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். மாத்திரைகள், கண்ணாடி, சால்வை, குரங்குக் குல்லா இதெல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும், கோச்சின் அடியில் போகும் பெட்டியில் இருக்கக் கூடாது. கோச் ஒரு பக்கம், ரயில் ஒரு பக்கம் இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் மாத்திரை தேவைப்படும்.

சரி, இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒரு போன். எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை ரயில், எந்தத் தேதி, எத்தனை ஓட்டுநர், ரயிலில் யார், கோச்சில் யார், ரயில் ரத்தானால் பணம் யாருக்கு. ஐந்து நிமிஷத்தில் கேட்டுவிடலாம். பதில் சொல்கிறவர் பொறுமையாகச் சொன்னால், டூரை நன்றாக நடத்துகிறவர் கையில் உங்கள் பெற்றோர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். நான் தொழிலில் இருந்தபோது இந்தக் கேள்விகளை நாங்கள் எதிர்பார்த்துக் காத்திருப்போம், கேட்கிறவர்களைத்தான் எங்களுக்குப் பிடிக்கும். நிறுவனம் கேத்தி அல்லது ஊட்டி–குன்னூர் மட்டும்தான் என்று நேர்மையாகச் சொன்னாலும் அனுப்பலாம், அதுவும் அழகான வழிதான், லவ்டேலிலிருந்து கேத்திப் பள்ளத்தாக்கு தெரியும் இடத்தில் பெட்டி முழுக்க ஜன்னல் பக்கம் சாயும். ஆனால் அப்போது கட்டணத்தையும் அதற்குத் தகுந்தபடி பேசுங்கள், ஆத்தாளிடமும் நீராவி எஞ்சின் பார்க்கப் போகிறாய் என்று சொல்லிவிடாதீர்கள். டிக்கெட் கிடைத்தபின் பிஎன்ஆர் காட்டும் நிலை புரியவில்லை என்றால் இங்கேயே கேளுங்கள், எண்ணைப் பொதுவில் போடாமல் நிலையை மட்டும் எழுதுங்கள், என்ன அர்த்தம் என்று சொல்கிறேன்.